வாயு மூலைக் குளியலறை

பரமத்தி வேலூரைத் தாண்டி, காவிரிக்கரையோடு இரண்டு மைல் போனால் ஓடு வேய்ந்த ஒரு கூடம் வரும். அங்கே உமையாள் என்று ஒரு குரு இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் நரைத்த மீசைக்காரர்கள் எல்லாம் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானம் தேடி வருகிறவர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். பெரும்பாலும் கேள்விதான் கேட்பார். பதில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவர்களுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவருடைய சீடர்களில் ஒருவர் குழந்தைவேலு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ஆறு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் வந்து, வாசல் கூட்டுவார், மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார், பிறகு கண்ணை மூடி ஒரு மணி நேரம் உட்காருவார். அந்த ஒரு மணி நேரத்தில் மனசு எங்கே போய் வந்தது என்று குரு கேட்டதில்லை. கேட்டிருந்தால், பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தது என்றுதான் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டில் இருப்பது அவருடைய தம்பி அங்கமுத்து. அப்பா உயிரோடு இருக்கும்போதே மனையை இரண்டாகப் பிரித்து, தென்பாதி பெரியவனுக்கு, வடபாதி சின்னவனுக்கு என்று எழுதி வைத்துவிட்டார். அதில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தது வேறொன்றில். அதைப் பற்றி குழந்தைவேலு யாரிடமும் பேசுவதில்லை. ஒன்பது வருடமாக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரேஷன் கடையில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரில் தொங்கும் பலகையைப் படிப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். இரண்டு பேருக்குமே அந்தப் பலகை மனப்பாடம்.

தம்பி பேச்சை நிறுத்திய மறு வருடமே தன் பாதியில் ஒரு கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டார். அண்ணன் அப்பா காலத்து ஓட்டு வீட்டிலேயே இருந்தார். இப்போதுதான் அவருக்கும் வீடு கட்ட நேரம் வந்தது.

மகன் மோகன்ராஜ் பிளான் போட்டான். அவனுக்கு நாமக்கல்லில் ஒரு கான்ட்ராக்டரிடம் வரைகிற வேலைதான். ஊருக்கெல்லாம் ஒரே நாளில் போட்டுக் கொடுப்பவன்தான். ஆனால் சொந்த வீட்டுக்குப் போட்ட ஆறு பிளானும் திரும்பி வந்துவிட்டன.

"இதுல என்னங்கப்பா கொறை?" என்று ஏழாவதை விரித்தான்.

குழந்தைவேலு காகிதத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். கூடம், சமையல்கட்டு, சாமி அறை என்று எதிலும் விரல் நிற்கவில்லை. வீட்டின் பின்பக்கம், மேற்கும் வடக்கும் சேர்கிற மூலையில் போய் நின்றது.

"இங்க என்ன எழுதியிருக்குது?"

"பாப்பாவுக்கு ரூம்ங்க. பத்தாவது படிக்கிற புள்ளைக்குக் கதவைச் சாத்திட்டுப் படிக்க ஒரு எடம் வேண்டாமா?"

"இங்க பாத்ரூம் வரணும்."

"தெற்கே ரெண்டு பாத்ரூம் வச்சிருக்கறனே. அம்மாவுக்கு முட்டி வலின்னு ஒண்ணு உங்க ரூமோட சேர்த்தே இருக்குது. மூணாவது எதுக்குங்க?"

"வாயு மூலை. வாஸ்துப்படி பாத்ரூம் இங்கதான் வரணும்."

மோகன்ராஜ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். "வாசலை ரெண்டு தடவை மாத்தினேன். சமையல்கட்டைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். அப்பெல்லாம் நீங்க வாஸ்துன்னு ஒரு வார்த்தை கேக்கல. இந்த ஒரு மூலைக்கு மட்டும் வாஸ்துவாங்க?"

அடுப்படியிலிருந்து பாவாயி வந்தாள். குழந்தைவேலுவின் மனைவி. மனதில் பட்டதை மூடி வைத்துப் பழக்கமில்லாதவள்.

"வாஸ்துவுமில்ல ஒண்ணுமில்ல கண்ணு. அந்த மூலைக்கு நேர் எதிர்லதான் கொழுந்தனார் வீட்டு பாத்ரூம் இருக்குது. அவரு நம்ம பக்கம் பார்த்து வச்சாருன்னு, இவரும் அவரு மூஞ்சிக்கு நேரா வைக்கப் பார்க்கறாரு. பேத்தி ரூமைப் புடுங்கி வீம்புக்குக் கக்கூஸ் கட்டற மனுசனை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

குழந்தைவேலு விரலை எடுத்தார். பிளானைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். வீம்பு என்ற சொல் அந்த வீட்டில் புழங்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டால் மேற்கொண்டு யாரும் குடையமாட்டார்கள். அது ஒரு வசதி.

ஆடி முடியப் போகிறது. ஆவணியில் கடைக்கால் தோண்ட நாள் குறித்தாயிற்று. ஓட்டு வீட்டைப் பிரிக்கப் பத்து நாள்தான் இருந்தது. வீடு முடிகிற வரைக்கும் குடியிருக்க இரண்டு தெரு தள்ளி வாடகை வீடும் பார்த்தாகிவிட்டது. பிரிப்பது என்று யாராவது வாயெடுத்தால் குழந்தைவேலு அங்கே இருக்கமாட்டார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார்.

கடைசியில் மோகன்ராஜ்தான் ஒரு வழி சொன்னான்.

"நாங்க சொன்னா கேக்கமாட்டீங்க. உங்க குருவம்மாகிட்டப் போய்க் கேளுங்க. அவங்க பாத்ரூம்னா பாத்ரூம், பாப்பா ரூம்னா பாப்பா ரூம். எட்டாவது பிளான் நான் போடமாட்டேன்."

"சரி," என்றார் குழந்தைவேலு.

"சத்தியமா?"

"சரின்னுட்டேன்ல."

அந்த வியாழக்கிழமை அவர் வாசல் கூட்டவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. நேராகப் போய் குருவின் முன்னால் ஏழு பிளானையும் வைத்தார்.

"அம்மா, இதுல ஒரு மூலை. பேத்திக்கு ரூம் வைக்கலாமா, பாத்ரூம் வைக்கலாமாங்க? நீங்க சொல்றதுதான் முடிவு."

உமையாள் ஒரு பிளானை எடுத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"காகிதத்துல எனக்கு வீடு தெரியாது அய்யா. தரையில போட்டுக் காட்டுங்க."

"எவ்வளவு பெருசுங்க?"

"நிஜ வீடு எவ்வளவோ அவ்வளவு."

கூடத்துக்கு முன்னால் நிலக்கடலை காயப்போடும் களம் இருந்தது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் அது சும்மா கிடந்தது. குழந்தைவேலு கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தார். ஒரு வாளி நிறைய அடுப்புச் சாம்பல் அள்ளிக்கொண்டார். குரு கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"அங்கிட்டுங்க. இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், அங்கதான்."

முதல் கோட்டை இழுத்து முடிக்கும்போது குரு சொன்னார்: "கொத்தனார்கள் ஈசானி மூலையிலதான் தொடங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"ஆமாங்க. ஈசானி மூலைதாங்க மொதல்ல. அதை மாத்தவே மாட்டாங்க."

"நீங்க இப்ப நிக்கிறது?"

குழந்தைவேலு சூரியனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். நாற்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். திசை தப்புகிற ஆள் இல்லை.

"வாயு மூலைங்க," என்றார்.

"சரி. போடுங்க."

அந்த மூலையில் ஆறடிக்கு எட்டடி என்று ஒரு குளியலறை முதலில் எழுந்தது. கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. ஓரிடத்தில் சாம்பல் சிதறியதைக்கூட விரலால் ஒதுக்கிச் சரிசெய்தார். அதற்குப் பிறகு வீட்டின் மற்ற பாகங்களை அவசரமாகப் போட்டார். கூடம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சமையல்கட்டில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். எல்லாம் முடிவதற்குள் சாம்பல் தீர்ந்துவிட்டது.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சதுங்க."

"நான் விருந்தாளி. வீட்டைச் சுத்திக் காட்டுங்க."

குழந்தைவேலு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். குருவும் பின்னாலேயே வந்தார்.

"இது ஹாலுங்க."

குரு காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை.

"இது சமையல்கட்டுங்க. பாவாயி சொன்னாப்பல இருக்கும்."

"எப்படிச் சொன்னாங்க?"

"அது அவளுக்குத்தாங்க தெரியும்."

அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

"இது எங்க ரூமுங்க. படுக்கறதுக்கு."

"தலை எந்தப் பக்கம்?"

"ஏதாச்சும் ஒரு பக்கங்க."

பிறகு வாயு மூலைக்கு வந்தார்கள். குழந்தைவேலுவின் நடை மெதுவானது. கோட்டை மிதிக்காமல், வாசல் என்று தான் நினைத்து வைத்திருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்து உள்ளே போனார்.

"இது பாத்ரூமுங்க. தரை மேற்கே வாட்டம். குழாய் இந்தச் செவுத்துல வேண்டாங்க, அந்தச் செவுத்துல. இங்க ஒரு கல்லு போடணும். உக்காந்து பல்லு வெளக்கறதுக்கு. கல்லு ஒன்றரை அடி ஒசரம். முதுகு இந்தப் பக்கம், மூஞ்சி வடக்கே. வென்டிலேட்டர் எல்லாரும் மேல கூரைகிட்ட வைப்பாங்க, அது ஆகாதுங்க. உக்காந்தா காதுக்கு நேரா வரணும். நாலடி ஒசரம் போதும். கண்ணாடி போடக் கூடாது. வெளியில இருந்து தெரியாத மாதிரி ஒரு தகரத்தை மட்டும் சாய்ச்சு வச்சா ஆச்சு. வென்டிலேட்டரை இன்னும் ஒரு சாண் அகலமா வச்சாலும் நல்லதுங்க. கதவு தகரக்கதவு வேண்டாம், காத்துக்கு அடிச்சுக்கும். மரக்கதவு."

மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். இவ்வளவு பேசி குரு அவரைப் பார்த்ததில்லை.

"வடக்கே எதிர்ல என்ன இருக்கு?"

"நாலடி சந்துங்க. அதைத் தாண்டினா தம்பி வீட்டு பாத்ரூம்."

"காதுக்கு நேரா ஜன்னல் வச்சா நாத்தம் வராதா? மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுடலாமே."

"ஃபேன் வேண்டாங்க," என்றார் குழந்தைவேலு உடனே. "அது ஓடுச்சுன்னா ஒண்ணுமே கேக்காதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"என்ன கேக்காது?"

"மோட்டாருங்க. தண்ணி ரொம்பி வழியற சத்தம்."

 கல் போட வேண்டும் என்று அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் குரு தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க உங்க கல்லுல உக்காருங்க," என்றார்.

குழந்தைவேலு உட்கார்ந்தார். முதுகு இந்தப் பக்கம், முகம் வடக்கே.

"மணி என்ன?"

"இப்பவாங்க?"

"நீங்க இங்க வந்து உக்காரும்போது."

"அஞ்சுங்க. அஞ்சு பத்து."

"என்ன கேக்குது?"

குழந்தைவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் அப்படியொன்றும் இல்லை. சொல்லிவிட்டால் அப்புறம் தன்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது என்று பயமாக இருந்தது. சொல்லாமலும் இனி இருக்க முடியவில்லை.

"மொதல்ல தாப்பாளுங்க. இழுக்கறப்ப ஒரு கிறீச்சு. அப்பறம் வாளி. குழாயைத் தொறந்து விட்டுட்டு நின்னுக்கிட்டு இருப்பான், தண்ணி பாதி வந்ததும்தான் பல்லு வெளக்க ஆரம்பிப்பான். நாக்கு வழிக்கறப்ப எங்கப்பன் மாதிரியே மூணு தடவை ஓங்கரிப்பானுங்க. மூணாவது பெருசா இருக்கும். எங்கப்பன் ஓங்கரிச்சா தெருவே முழிச்சுக்கும், அதே மாதிரி. அப்பறம் காறித் துப்பிட்டு, முருகா அப்படிம்பான். அந்த முருகாதாங்க. அவன் பேசறதுல எனக்குன்னு கேக்கறது அந்த ஒரு சொல்லுதான்."

"எத்தனை வருஷமா?"

"அவன் அந்த வீட்டைக் கட்டி எட்டு வருஷம் ஆச்சுங்க. எங்க ஓட்டு வீட்டுக்குப் பின்னால ஒரு தகர மறைப்பு இருக்குது. அங்கதான் குளிக்கறது, பல்லு வெளக்கறது எல்லாம். அதே மூலைதாங்க. நாலடி தள்ளி அவன்."

குரு தலையசைத்தார். குழந்தைவேலு நிறுத்தவில்லை. எட்டு வருடமாக அடைத்துக் கிடந்தது, இனி நிறுத்த அவராலேயே முடியாது.

"ஒரு வாட்டி நாலு நாள் சத்தமே இல்லீங்க. எனக்குச் சோறு எறங்கல. பாவாயி, வயிறு சரியில்லையான்னு கேட்டா. பால்காரன்கிட்டச் சுத்தி வளைச்சு விசாரிச்சேன். மக ஊருக்குப் போயிருக்காருன்னான். அஞ்சாவது நாள் தாப்பாள் சத்தம் கேட்டதுங்க. அன்னிக்கு நான் எத்தனை இட்லி தின்னேன்னு பாவாயியைக் கேட்டா சொல்லுவா."

"ம்."

"போன மார்கழியில இருமல் அவனுக்கு. ஒரு மாசம் நிக்கல. உள்ளுக்குள்ள சளி கட்டிக்கிட்டு இருமறது எனக்குத் தெரியும், சின்ன வயசுலயே அப்படித்தான். ஆடாதொடை எலையைப் பறிச்சு, ஒரு கத்தையாக் கட்டி, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற செவுத்து மேல வச்சேன். பார்த்தா எடுத்துக் கஷாயம் வச்சுக்குவான்னு. அது அங்கயே கெடந்துதுங்க. ஆடுகூட வாய் வைக்காத எலை. காய்ஞ்சு சருகாகி ஒரு நாள் காத்துல போயிருச்சு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் ஒன்று போனது. 

"இப்ப ஓட்டு வீட்டைப் பிரிக்கப் போறாங்க," என்றார் குழந்தைவேலு. "வாடகை வீடு ரெண்டு தெரு தள்ளி. ஒரு வருஷம் அங்க. அதையாவது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன். திரும்பி வரும்போது அந்த மூலையில பேத்தி கதவைச் சாத்திட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தா, நான் எங்க போயிக் கேக்கறதுங்க? பேத்தி மேல எனக்கு ஆசை இல்லாமயா? அவ ரூமைப் புடுங்கறது எனக்கு நல்லா இருக்குதுங்களா?"

  எட்டு வருடமாகத் தம்பி என்று வாய்விட்டுக் கூப்பிட ஆசைப்பட்ட மனிதர், கூப்பிடுவதற்கு யாரும் இல்லாத களத்தில் சாம்பல் கோட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்.

குரு அவரை அழவிட்டார். பிறகு கேட்டார்.

"பேச்சு எதுல நின்னுச்சு?"

"எங்காத்தா செத்தப்பங்க."

"சொல்லுங்க."

"அப்பனுக்குப் பெரியவன் கொள்ளி வைக்கணும், ஆத்தாளுக்குச் சின்னவன் வைக்கணும். எங்க பக்கத்து முறை அது. எங்கப்பனுக்கு நான் வச்சேன். ஆத்தாளுக்கு அவன்தான் வைக்கணும். அப்ப அவன் போர் வண்டியில வேலை. ஆந்திராவுல எங்கியோ காட்டுக்குள்ள ஆழ்துளைக் கிணறு போட்டுக்கிட்டு இருந்தான். சேதி சொன்னதும் லாரி மாறி லாரி மாறி வந்துக்கிட்டு இருந்தான். சேலத்துல இருந்து போன் பண்ணினான். அண்ணா, வந்துக்கிட்டே இருக்கறேன், எடுத்துராதீங்கன்னான்."

"நீங்க?"

"சரிடான்னேன். ஆனா பெரியவங்க எல்லாம் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சரணும், பொணத்தை ராத்திரி வைக்கக் கூடாதுன்னாங்க. பெரியவன் இருக்கறப்ப என்ன, நீயே வையின்னாங்க. சரின்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க."

"யாரு தலையாட்டினது?"

குழந்தைவேலு தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார்.

"எவ்வளவு நேரத்துல வந்தார்?"

"அரை மணி நேரங்க. நான் வச்சு அரை மணி நேரம். இன்னும் ஒரு டீ குடிக்கற நேரம் இழுத்துப் புடிச்சிருக்கலாம். சுடுகாட்டு முனையில லாரியில இருந்து குதிச்சு ஓடி வந்தான். மேலெல்லாம் போர் மண்ணு. நெருப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஆத்தாளையும் நீயே எடுத்துக்கிட்டியாண்ணா அப்படின்னான். அதுதான் கடைசிங்க. அதுக்கப்பறம் பேசல."

"நீங்க பேசினீங்களா?"

"நான் பெரியவனுங்க. எப்படி நான் மொதல்ல..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அண்ணன் என்கிற பதவியை அவர் ஒன்பது வருடமாகக் கட்டிக் காத்து வந்தார். அது இந்தக் களத்தில் கொஞ்சம் அற்பமாகத் தெரிந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஹால் பக்கம் ஒரு கோழி வந்து சாம்பலைக் கிளறியது. குழந்தைவேலு அதை விரட்டவில்லை. குளியலறைக் கோட்டுப் பக்கம் வந்தபோது மட்டும் கையை ஓங்கினார்.

"உங்க தம்பிக்குக் குளியலறை வைக்க வேற இடமே இல்லையா?" என்று கேட்டார் குரு.

"ஏனில்லீங்க. வடக்கே பத்தடி சும்மா கெடக்குது. காத்தோட்டமான எடம். கொத்தன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டானாம், அங்க வைக்கலாம், கழிவுத்தண்ணி போறதுக்கும் அதுதான் வசதின்னு. இவன் கேக்கலீங்க. தண்ணிக்குழாயை அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து, எங்க தகர மறைப்புக்கு நேரா, நாலடியில வச்சான்."

"எதுக்காம்?"

"வீம்புங்க. வேற என்ன? என் மூஞ்சிக்கு நேரா வைக்கணும்னுதான்."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான். ஊரே பேசுச்சு. அவன் சம்சாரமே பாவாயிகிட்டச் சொல்லுச்சாம், எல்லாம் வீம்புக்குப் பண்றாருக்கா, சொன்னா கேக்கமாட்டேங்கறாருன்னு."

"உங்க வீட்டுல உங்களை என்ன சொல்றாங்க?"

"வீம்புக்குக் கக்கூஸ் கட்டறேன்னு..."

குழந்தைவேலு வாயைத் திறந்தபடியே இருந்தார்.  வடக்கே திரும்பிப் பார்த்தார். அங்கே களம்தான் இருந்தது, அதற்கப்பால் தென்னை மரங்கள்.

 அவர் திரும்பிய பிறகு குரு கேட்டார்.

"அஞ்சு பத்துக்கு அவர் வர்றதுக்கு முன்னாடியே நீங்க அங்க இருப்பீங்களா?"

"அஞ்சுக்கே போயிருவேனுங்க."

"நீங்களும் பல்லு வெளக்குவீங்க. நாக்கு வழிப்பீங்க."

"ஆமாங்க."

"சத்தம் வருமா?"

"வராதுங்க," என்றார் குழந்தைவேலு. அதில் அவருக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்கூட இருந்தது. "செம்பைக்கூடத் துணி மேலதான் வைப்பேன். குழாயைத் தொறக்கமாட்டேன், முந்தின நாளே தண்ணி புடிச்சு வச்சுக்குவேன். இருமல் வந்தா துண்டை வாயில அமுக்கிக்குவேன். நாலடியில நான் இருக்கறது அவனுக்குத் தெரியவே கூடாதுன்னு, மூச்சைக்கூட மெதுவாத்தாங்க விடுவேன்."

உமையாள் எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார்.

"அப்படின்னா, இந்த எட்டு வருஷமா அவர் அங்க நின்னு எதைக் கேட்டுக்கிட்டு இருக்கார்?" என்றார்.